அத்தியாயம் 7: பழைய டீசல் காரில் டர்போ அடிக்கவில்லையா? பூஸ்ட் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

"டர்போ போயிடுச்சுண்ணே, மாத்தணும்." வண்டி இழுக்கவில்லை என்று பட்டறைக்குப் போன பலருக்கும் இந்தத் தீர்ப்பு பானெட்டைத் திறந்த சில நிமிடங்களிலேயே கிடைத்துவிடுகிறது. புது டர்போ பல ஆயிரம் ரூபாய் பிடிக்கும். மாற்றிய பிறகும் அதே கோளாறு திரும்பி வந்தால் அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. உண்மையில் டர்போவின் அழுத்தம் கெடுவதற்குப் பல நேரங்களில் காரணமாக இருப்பது ஒரு வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், துருவேறிய கம்பி அல்லது அடைத்துக்கொண்ட சின்ன வால்வுதான். டர்போவைக் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் அடிப்படை.

புதுச்சேரியைச் சுற்றியுள்ள கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், மடுகரை, ஏம்பலம், பாகூர், வில்லியனூர் பக்கம் ஓடும் பழைய டீசல் கார்களை வைத்தே இதை எழுதியிருக்கிறேன். ஸ்விஃப்ட், டிசையர், இன்னோவா, ஸ்கார்பியோ, பொலேரோ, இண்டிகா விஸ்டா ஆகியவைதான் அதிகம் தென்படும். இன்னோவா 2005-இலும், ஸ்விஃப்ட் டீசல் 2007-இலும், டிசையர் 2008-இலும் வந்தவை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி அமலானபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆகவே உங்கள் வீட்டு ஸ்விஃப்ட் டீசல் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அதன் ரப்பர்களுக்கு வயதாகிவிட்டது. இவற்றில் பல வண்டிகள் கை மாறி வந்தவை. முந்தைய உரிமையாளர் எந்த ஹோஸை எங்கே மாட்டினார் என்பது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

பூஸ்ட் என்பது என்ன, அதை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?

வெளியேறும் புகையின் விசையால் ஒரு விசிறியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சின்னக் கார்களில் இருக்கும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல்கூடச் சுழலும். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் அழுத்தம் எல்லை மீறி எஞ்சினையே பதம் பார்த்துவிடும். கட்டுப்பாடு அளவுக்கு மீறிப் போனாலோ, காற்று வழியில் கசிந்தாலோ அழுத்தம் ஏறாது, வண்டி சோர்ந்துவிடும்.

சாதாரணக் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் சுமார் 101 கிலோ பாஸ்கல், அதாவது ஏறத்தாழ 1 பார். நம் பகுதி கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளி என்பதால் இந்த எண் அப்படியே பொருந்தும். டர்போ இதற்கு மேல் கூட்டித் தரும் அழுத்தமே பூஸ்ட். ஸ்கேனரில் 200 கிலோ பாஸ்கல் என்று வந்தால் அதில் 100 இயற்கைக் காற்று, மீதி 100 டர்போ கொடுத்தது. இந்தக் கணக்கு தெரியாமல் "200 காட்டுது, ரொம்ப அதிகம்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பழைய டீசல் கார்களில் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்த இரண்டு முறைகள் உண்டு. ஒரே கோளாறு இந்த இரண்டிலும் நேர்எதிரான விளைவைத் தரும்.

முதல் வகை வேஸ்ட்கேட். அழுத்தம் போதுமான அளவுக்கு ஏறியதும் ஒரு சின்னக் கதவு திறந்து, புகையின் ஒரு பகுதியை டர்பைன் விசிறிக்குப் போகாமல் நேராக சைலன்சருக்கு விட்டுவிடும். அந்தக் கதவைத் திறப்பது ஆக்சுவேட்டர் என்கிற உருண்டை டப்பா. டர்போ கொடுக்கும் காற்றழுத்தமே ஒரு குட்டி ஹோஸ் வழியாக வந்து டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளும். 75 குதிரைத்திறன் கொண்ட 1.3 லிட்டர் ஸ்விஃப்ட், டிசையர் டீசல் எஞ்சின்கள் இந்த வகை. ஃபியட்டின் மல்டிஜெட் வடிவமைப்பில் வந்த எஞ்சின் அது.

இரண்டாவது வகை விஜிடி. இதில் டர்பைனைச் சுற்றிச் சின்னச் சின்ன இறகுகள் இருக்கும். அவை குறுகும்போது புகை வேகமாகப் பாய்ந்து குறைந்த ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் ஏறும். விரியும்போது அழுத்தம் தணியும். பழைய வண்டிகளில் இந்த இறகுகளை அசைப்பது பெரும்பாலும் வேக்குவம். எம்ஹாக் எஞ்சின் போட்ட ஸ்கார்பியோவும், அதே 1.3 எஞ்சினின் 90 குதிரைத்திறன் வடிவமும் விஜிடி வகை.

இப்போது அந்த முக்கியமான வேறுபாட்டைப் பாருங்கள். வேஸ்ட்கேட் வண்டியில் ஆக்சுவேட்டருக்குப் போகும் குட்டி ஹோஸ் கிழிந்தால் கதவு திறக்கவே திறக்காது. பூஸ்ட் எல்லை மீறும். கம்ப்யூட்டர் பயந்து டீசலைக் குறைத்துவிடும். வேக்குவம் விஜிடி வண்டியில் அதே மாதிரி ஹோஸ் கிழிந்தால் இறகுகள் விரிந்த நிலையிலேயே நின்றுவிடும். பூஸ்ட் ஏறவே ஏறாது. எந்த வகை என்று தெரியாமல் கோளாறைத் தேடினால் நேர்எதிரான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வகையைக் கண்டுபிடிக்கப் புத்தகம் தேவையில்லை. பானெட்டைத் திறந்து ஆக்சுவேட்டரின் கம்பியைப் பார்த்துக்கொண்டே இன்னொருவரை வண்டி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கம்பி இழுபட்டு, எஞ்சினை நிறுத்தியதும் மெல்லத் திரும்பினால் அது வேக்குவம் விஜிடி. ஐடிலில் கம்பி அசையாமல் நின்றால் அது வேஸ்ட்கேட்டாக இருக்கலாம், அல்லது வேக்குவமே வராத விஜிடியாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் வந்தால் குட்டி ஹோஸ் எங்கே போகிறது என்று பின்தொடருங்கள். டர்போவின் காற்றுப் பக்க உடலிலிருந்தே கிளம்பினால் வேஸ்ட்கேட். வேக்குவம் பம்ப் பக்கமிருந்து சோலினாய்டு என்கிற மின் வால்வு வழியாக வந்தால் விஜிடி. ஹோஸே இல்லாமல் டப்பாவில் ஒயர் சாக்கெட் மட்டும் இருந்தால் அது மின் ஆக்சுவேட்டர். அதைக் கம்பெனி ஸ்கேனர் உள்ள இடத்தில் காட்டுவதே நல்லது.

தேவையான சாமான்கள்

பெரிய பட்டறை தேவையில்லை. ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், டார்ச், சோப்புத் தண்ணீர், கைக்கண்ணாடி, மல்டிமீட்டர், ஊசி போடப் பயன்படும் 50 மி.லி. சிரிஞ்ச், அதன் மூக்கில் இறுக்கமாக மாட்டும் ஒரு துண்டு ஹோஸ் ஆகியவை போதும். புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிச் செல்போனில் இணைத்துக்கொண்டால் வேலை பாதியாகும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-4 வண்டிகளில் ஓபிடி-2 இருப்பதால் மலிவான ஸ்கேனரே பெரும்பாலும் பேசும். அதற்கு முந்தைய வண்டிகளில் அது பேசாமல் போகலாம். அப்போது புதுச்சேரியிலோ விழுப்புரத்திலோ நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் எண்களை மட்டும் எடுத்துக் குறித்து வாங்குங்கள்.

டர்போவும் புகை மேனிஃபோல்டும் கொதிக்கும் இடங்கள். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே கை வையுங்கள். வண்டி ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் துண்டு, வேட்டி நுனி, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது.

அறிகுறியைச் சரியாகக் கேளுங்கள்

வண்டி என்ன சொல்கிறது என்று கவனித்தாலே பாதிக் கோளாறு பிடிபடும்.

எல்லா வேகத்திலும் சோர்வு, மிதித்தால் கறும்புகை: எஞ்சினுக்குப் போக வேண்டிய காற்று வழியில் கசிகிறது அல்லது பூஸ்ட் ஏறவில்லை. டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை.

மிதித்ததும் "உஸ்" என்று காற்று பீறும் சத்தம்: அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம்.

முந்தும்போது நன்றாக இழுத்து, திடீரென்று குலுங்கிச் சக்தி போய், நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது: பெரும்பாலும் பூஸ்ட் எல்லை மீறி, வண்டி தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போகிறது. வேஸ்ட்கேட் ஹோஸ், விஜிடி இறகுகளில் கரி, பூஸ்ட் சென்சார் ஆகிய மூன்றையும் சந்தேகியுங்கள்.

2,000 ஆர்பிஎம் வரை செத்துக் கிடந்து, பிறகு கொஞ்சம் உயிர் வருகிறது: விஜிடி இறகுகள் விரிந்த நிலையிலேயே நிற்கின்றன. வேக்குவம் இல்லை அல்லது இறகுகள் இறுகிவிட்டன.

நீலப்புகை, எஞ்சின் ஆயில் குறைகிறது: டர்போ சீல், எஞ்சின் ரிங், வால்வு சீல் மூன்றில் ஒன்று. அழுத்தக் கட்டுப்பாட்டுக் கோளாறு இல்லை, இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பிக்கப் இல்லை, பிரேக் பெடலும் கல் மாதிரி இறுகிவிட்டது: இது முக்கியமான தடயம். பிரேக் பூஸ்டருக்கும் டர்போ ஆக்சுவேட்டருக்கும் வேக்குவம் கொடுப்பது ஒரே பம்ப். பம்போ அதன் தாய் ஹோஸோ போய்விட்டது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள். முதலில் பிரேக்கைச் சரிசெய்யுங்கள்.

ஸ்கேனரில் வரும் எண்களையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பி0299 என்றால் பூஸ்ட் குறைவு. பி0234 என்றால் பூஸ்ட் அதிகம். பி0045 என்றால் பூஸ்ட் சோலினாய்டின் மின்சுற்றில் கோளாறு. பி0236 என்றால் பூஸ்ட் சென்சார் சொல்வது நம்பும்படியாக இல்லை. பி0101 என்றால் காற்று அளவு சென்சாரின் கணக்கு உதைக்கிறது. இவை அறிகுறிகளின் பெயர்கள் மட்டுமே. பி0299 வந்ததும் டர்போவை மாற்று என்று எந்தக் கம்பெனிக் கையேடும் சொல்வதில்லை.

சோதனை வரிசை: செலவில்லாததிலிருந்து செலவானதுக்கு

படி 1: ஏர் ஃபில்டர். கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களின் பின்னாலேயே ஓடும் வண்டிக்கும், அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசு பறக்கும் சாலையில் ஓடும் வண்டிக்கும் கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. ஃபில்டரை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். காற்றடித்து ஊதும்போது தாள் ஓட்டை விழுந்தால் அந்த ஓட்டை வழியாக மண் நேராக டர்போ விசிறிக்குப் போகும். விலை குறைந்த சாமானை மிச்சப்படுத்தி விலை கூடிய சாமானை இழக்காதீர்கள்.

படி 2: பெரிய ஹோஸ்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். கிழிசல் பெரும்பாலும் அடிப்பக்கம்தான் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடியைக் கீழே பிடித்துப் பாருங்கள். கிளாம்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டிக் கறுப்பு வளையமாக இருந்தால் அங்கே காற்று கசிகிறது. ஹோஸ்களுக்குள் லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. தேங்கி ஊற்றினால் இயல்பில்லை.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்குக் காற்றழுத்தச் சோதனை. டர்போவின் உறிஞ்சு வாய்க்கு ஏற்ற பிவிசி மூடி ஒன்றை எடுத்து, நடுவில் துளையிட்டு, டியூப்லெஸ் டயரின் வால்வைப் பொருத்துங்கள். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ரப்பர் துண்டும் கிளாம்பும் போட்டு இந்த மூடியை மாட்டுங்கள். எஞ்சினின் மூச்சுக்குழாய் டர்போவுக்கு முன்னால் சேரும் இடத்தைத் தனியாக அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று எஞ்சின் அடிப்பகுதிக்குள் புகுந்து ஆயில் சீல்களைத் தள்ளும். பிறகு பஞ்சர் கடை கம்ப்ரசரிலிருந்து காற்று கொடுங்கள், ஆனால் ரெகுலேட்டர் வைத்து 7 பிஎஸ்ஐ, அதாவது அரை பாருக்கு மேல் போகாதபடி. பஞ்சர் கடைக் குழாயில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம், மூடி தெறித்து முகத்தில் அடிக்கும். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை பொங்கும் இடம்தான் கோளாறு. திறந்திருக்கும் வால்வுகள் வழியாகச் சைலன்சர் பக்கம் கொஞ்சம் காற்று போவது இயல்பு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

படி 3: குட்டி ஹோஸ்கள். 4 மி.மீ. அளவுள்ள இந்த ரப்பர்கள்தான் பூஸ்ட்டின் கடிவாளம். நம் பக்கத்தில் இவற்றுக்குப் பெரிய எதிரி எலி. அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வைக்கோல் போருக்கும் வீட்டுக்கும் இடம் மாறும். போருக்குப் பக்கத்தில் நிறுத்திய காரின் கதகதப்பான எஞ்சின் மேல் அவை ஏறிக்கொள்ளும். எலி கடித்த ஹோஸ் முழுதாக அறுந்து தொங்காது. ஒரு பக்கம் மட்டும் பல் பட்டு, நெல் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கும். ஐடிலில் வேக்குவம் பிடிக்கும், மிதித்தால் விட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு குட்டி ஹோஸையும் முழு நீளத்துக்கும் விரலால் உருட்டிப் பாருங்கள். எஞ்சின் கவருக்கு மேல் எலிப் புழுக்கை, உமி, வைக்கோல் துண்டு தெரிந்தால் அங்கிருந்தே தேடத் தொடங்குங்கள்.

மாற்றும்போது சூடும் எண்ணெயும் தாங்கும் தரமான வேக்குவம் ஹோஸை மட்டும் போடுங்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் மெல்லிய குழாயையும், மீன் தொட்டிக் குழாயையும் மாட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேக்குவம் இழுக்கும்போது அந்தக் குழாய் உள்ளே சப்பிக்கொள்ளும், சூட்டில் இளகும். ஒரு நேரத்தில் ஒரே ஹோஸைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதை மாட்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். சோலினாய்டில் மூன்று மூக்குகள் இருக்கும். மாற்றி மாட்டினால் புதுக் கோளாறு ஒன்றை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஆக்சுவேட்டர். விஜிடி வண்டியில் எஞ்சினை நிறுத்தி, ஆக்சுவேட்டரின் ஹோஸைக் கழற்றி, சிரிஞ்சை மாட்டி இழுங்கள். கம்பி சீராக ஏற வேண்டும். பிடித்தபடி ஒரு நிமிடம் இருங்கள், கம்பி இறங்கக் கூடாது. இறங்கினால் சவ்வு கிழிந்திருக்கிறது. விட்டதும் கம்பி தடையில்லாமல் பழைய இடத்துக்கு வர வேண்டும். நடுவில் தட்டி நின்றால் இறகுகளில் கரி இருக்கிறது அல்லது கம்பியின் மூட்டில் துரு இருக்கிறது.

வேஸ்ட்கேட் வண்டியில் இதையே தள்ளிப் பார்க்க வேண்டும். சிரிஞ்சால் இதற்கு வேண்டிய அழுத்தம் கிடைப்பது கடினம். கேஜ் வைத்த கைப்பம்பால் மெல்ல அழுத்தம் கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் கம்பி நகரத் தொடங்க வேண்டும், கொடுத்த அழுத்தம் குறையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். கம்பெனி பூஸ்ட் அளவைத் தாண்டி அழுத்தாதீர்கள்.

கடல் காற்றில் உப்பு இருப்பதால் இந்தக் கம்பியும் மூட்டும் நம் பக்கத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஊடுருவும் எண்ணெய் தெளித்து, சில மணி நேரம் விட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள்.

படி 5: வேக்குவம் வருகிறதா? விஜிடி வண்டிக்கு மட்டும். பம்பிலிருந்து வரும் ஹோஸில் வேக்குவம் கேஜ் மாட்டி ஐடிலில் பாருங்கள். நல்ல பம்ப் 0.8 பாருக்கு மேல் இழுக்கும். பம்பில் நன்றாக இருந்து ஆக்சுவேட்டரில் குறைந்தால் இடையில் கசிவு. பம்பிலேயே குறைந்தால் பம்ப் கோளாறு.

படி 6: சோலினாய்டும் சென்சாரும். சோலினாய்டின் சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பெரும்பாலும் 10 முதல் 30 ஓமுக்குள் இருக்கும். முடிவே இல்லாத எண் வந்தால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் ஒயரின் ஒரு முனையில் 12 வோல்ட் வர வேண்டும். சாக்கெட்டில் பச்சைப் பூசணம் போல் உப்பு ஏறியிருந்தால் சுத்தம் செய்து, அழுத்தி மாட்டினாலே பல வண்டிகள் சரியாகும். சில சோலினாய்டுகளில் குட்டி ஃபில்டர் உண்டு, அதன் அடைப்பையும் பாருங்கள்.

பூஸ்ட் சென்சாரைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் பாருங்கள். கரியமாணிக்கத்தில் 100 கிலோ பாஸ்கலை ஒட்டி வர வேண்டும். 120 அல்லது 80 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. அதே வண்டி ஊட்டிக்குப் போனால் 77-ஐ ஒட்டிக் காட்டும். அங்கே காற்று மெலிதென்பதால் அது கோளாறில்லை. சென்சாரைக் கழற்றினால் முனையில் கரியும் எண்ணெயும் அப்பியிருக்கும். சென்சார் கிளீனர் தெளித்து உலர விடுங்கள், உள்ளே குச்சி விடாதீர்கள்.

படி 7: புகை பக்கம். மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் இடையே உள்ள கேஸ்கெட் விட்டுப்போனால் டர்பைனைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே போய்விடும். அந்த இடத்தில் கறுப்புக் கரித்தடம் கோடாகத் தெரியும். புகையின் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் பூஸ்ட் ஏறாது. கேட்டலிடிக் கன்வெர்டர் அடைத்தாலும் இதே கதை.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

பூஸ்ட் சுமையில்தான் ஏறும். நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்தால் எதுவும் தெரியாது. நம் ஊர்ச் சாலையில் நெல் காயப்போட்டிருப்பார்கள், ஆடு மாடு குறுக்கே வரும். விழுப்புரம்–புதுச்சேரி நான்குவழிச் சாலை போல அகலமான, போக்குவரத்து குறைந்த இடத்துக்குப் போங்கள். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்து 3,500 வரை விடுங்கள். ஓட்டுபவர் செல்போனைப் பார்க்கவே கூடாது. பக்கத்தில் இருப்பவர் எண்களைப் பதிவு செய்யட்டும்.

செயலியில் எஞ்சின் கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட் என்று இரண்டு எண்கள் வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்டது ஏறி, கிடைத்தது தொடர்ந்து பின்தங்கினால் கசிவு அல்லது ஆக்சுவேட்டர். கிடைத்தது கேட்டதைத் தாண்டித் துள்ளினால் இறகுகளில் கரி அல்லது வேஸ்ட்கேட் ஹோஸ். இரண்டும் ஒட்டியே போனால் டர்போவில் கோளாறில்லை. டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர், கிளட்ச் பக்கம் போங்கள்.

மழைக்குப் பிறகு

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வில்லியனூர், பாகூர் பகுதிகளில் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். அப்படி நின்ற டீசல் வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஈரம் பாருங்கள். இன்டர்கூலரின் அடிக்குழாயைக் கழற்றித் தண்ணீர் இருந்தால் வடியுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அதன் முன் டர்போ செலவு ஒன்றுமேயில்லை. தண்ணீர் வடிந்து பல வாரங்கள் கழித்துச் சோலினாய்டு சாக்கெட்டும் சென்சார் சாக்கெட்டும் உப்பேறிக் கோளாறு கொடுக்கும். வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் அதை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

ஆக்சுவேட்டர் கம்பியின் நட்டைத் திருகி நீளத்தை மாற்றாதீர்கள். அந்த நீளம் தொழிற்சாலையில் அளந்து வைத்தது. "நட்டைக் கொஞ்சம் இறுக்கினா பிக்கப் வரும் சார்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கசிவால் குறைந்த பூஸ்ட்டை நட்டை இறுக்கி ஈடுகட்டினால், கசிவு அடைபட்ட நாளில் அழுத்தம் எல்லை மீறிவிடும். விஜிடியின் ஸ்டாப் ஸ்க்ரூவுக்கும் இதே விதி.

பூஸ்ட் சென்சாருக்கு முன்னால் ரெசிஸ்டர் மாட்டிக் கம்ப்யூட்டரை ஏமாற்றாதீர்கள். ஸ்கேனரில் வந்த கோளாறு எண்ணை அழித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று திருப்தி அடையாதீர்கள். கோளாறு இருக்கும் வரை அந்த எண் திரும்பி வந்தே தீரும்.

டர்போ உண்மையிலேயே போயிருந்தால்

மேலே சொன்ன படிகளெல்லாம் முடிந்த பிறகு டர்போவின் உறிஞ்சு வாயில் விரல் விட்டு விசிறியை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, விசிறி இறகு உடலில் உரசிய கோடு இருந்தாலோ, இறகு முனை உடைந்திருந்தாலோ டர்போ போய்விட்டது. அப்போது தாமதிக்காதீர்கள். சீல் முழுதாகப் போனால் டீசல் எஞ்சின் தன் சொந்த ஆயிலையே குடித்து ஓடத் தொடங்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அந்த நிலை வந்தால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக அழுத்தி, கிளட்சை விட்டு எஞ்சினை மூச்சடைக்கச் செய்வதே வழி. பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

புது டர்போ போடும்போது ஆயில் வரும் குழாயையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். இன்டர்கூலரைக் கழுவி உலர்த்துங்கள். பழைய டர்போ எதனால் செத்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். பெரும்பாலும் காரணம் ஆயில்தான்: தவறான கிரேடு, காலம் கடந்த மாற்றம், அடைத்த குழாய். ரீகண்டிஷன் செய்ததை வாங்கினால் தண்டைச் சமன்செய்து சோதித்த சீட்டைக் கேளுங்கள். சீட்டில்லாத டர்போவை எடுக்காதீர்கள்.

தினப் பழக்கம்

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஊருக்குள் மட்டுமே சின்னத் தூரம் ஓடும் விஜிடி வண்டியை அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள், இறகுகளில் கரி படியாது. கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றி, தூசிப் பகுதியில் ஓடும் வண்டிக்குச் சற்று முன்னதாகவே மாற்றுங்கள். அறுவடை முடிந்த வாரங்களில் வண்டியை வைக்கோல் போரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள்.

நள்ளிரவில் ஜிப்மர் மருத்துவமனைக்கு ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்போது வண்டி இழுக்க வேண்டும். அதற்கு டர்போவை மாற்றும் அளவுக்குக் காசு இருக்க வேண்டியதில்லை, எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று தெரிந்திருந்தால் போதும். அடுத்த முறை யாராவது "டர்போ போயிடுச்சு" என்று சொன்னால், முந்தைய ஏழு படிகளில் எத்தனை படிகளைச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை டர்போவைக் கழற்ற அனுமதி கொடுக்காதீர்கள்.